நாரைக்கு வளைகாப்பு

நம்மைப் போலத் தேயிலை கொய்கிற மக்கள் வாழும் அசாமில் 'ஹர்கிலா' என்றொரு பெருநாரை உண்டு. 'எலும்பு விழுங்கி' என்று அர்த்தம். ஐந்தடி உயரம், மொட்டைத்தலை, குப்பைமேட்டுத் தீனி. கூட்டுக்குக் கீழே நாற்றம் தாங்காது. அதனால் ஆட்கள் கூடு இருந்த மரத்தையே வெட்டினாங்க. நம்ம லயத்துப் பக்கம் வந்திருந்தா நாமும் சும்மா விட்டிருப்போமா?

பூர்ணிமா தேவி பர்மன் என்ற ஆராய்ச்சியாளர் வீடு வீடாய்ப் போனார். முதலில் ஏளனம்தான் கிடைத்தது. பிறகு பெண்களைச் சேர்த்து, தறியும் நூலும் கிடைக்கச் செய்தார். அவர்கள் ஹர்கிலா உருவம் போட்ட சேலை, சால்வை நெய்து விற்கிறார்கள். கையில் நாலு காசு வந்ததும் மரத்தில் கோடாலி விழவில்லை. தாதரா பக்கத்து ஊர்களில் 28 ஆக இருந்த கூடுகள் 2022க்குள் 250ஐத் தாண்டின. கூடு கட்டும் காலத்தில் நாரைக்கு வளைகாப்பும் நடத்துறாங்க, சிரிக்காதீங்க!