மேய்ப்பு நாயினமும் குட்டி வாங்குவோரும்

புனே நகரின் வடகிழக்கு ஓரத்திலுள்ள லோஹேகாவ், விமானத் தளத்தால் பெயர் பெற்ற ஊராகும். அதன் பழைய வயல்கள் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. 2017-ஆம் ஆண்டில் ஊர் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இத்தகைய குடியிருப்புகளில் வாழ்வோர் காவலுக்கென்றும் குழந்தைகளின் துணைக்கென்றும் விரும்பி வாங்கும் நாய்களுள் அல்சேஷன் ஒன்று. குட்டியின் பருத்த பாதங்களையும் கறுத்த முகத்தையும் பார்த்து மகிழ்வோர் பலர். அவ்வினம் எத்தொழிலுக்காக உருவாக்கப்பட்டது என்று கேட்போர் சிலரே. ஓராண்டு சென்றதும், மிதிவண்டியைத் துரத்துகிறது, ஓடும் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுகிறது என்ற முறையீடு எழுகிறது. நாய் கெட்டுவிட்டதென்று முடிவு செய்து அதைக் கைவிடுவோரும் உளர். உண்மையில் அது கெடவில்லை. தன் முன்னோரின் தொழிலைத் தொடங்கியிருக்கிறது.

மந்தையோடு வாழும் நாய்கள் யாவும் ஒரே வகையின அல்ல என்பதை முதலில் அறிதல் வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் புனே மாவட்டத்தின் வறண்ட கிழக்குப் பகுதியிலிருந்து கொங்கணம் நோக்கிப் பெயரும் தங்கர் இடையர்கள், தம் தக்காணி ஆடுகளுடன் நாய்களையும் அழைத்துச் செல்வர். அந்நாய்கள் ஆடுகளை ஓட்டுவதில்லை. அது இடையனின் வேலை. ஓநாயும் கள்வரும் அண்டாதபடி இரவில் பட்டியைக் காப்பதே அவற்றின் கடமை. தமிழ்நாட்டுக் கீதாரிகளின் கிடையில் நிற்கும் நாயும், இமயச் சாரலின் கட்டி, பக்கர்வால் நாய்களும் இவ்வாறே காவல் நாய்கள். மந்தையை மடக்குவதும் திருப்புவதுமான மேய்ப்புத் தொழிலுக்கென வளர்க்கப்பட்ட கோலி, அல்சேஷன் முதலியவை ஐரோப்பியத் தோற்றமுடையவை.

இவ்விரு வகைகளின் வேறுபாடு வேட்டையுணர்விலே உள்ளது. ஓநாய் இரையைக் கண்டதும் உற்று நோக்கும், பதுங்கி அணுகும், துரத்தும், கவ்வும், இறுதியிற் கொல்லும். இச்செயல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து சங்கிலிபோல் நிகழ்வன. காவல் நாயில் இச்சங்கிலி முழுதும் தளர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் அது தான் காக்கும் ஆட்டுக்குட்டியையே துரத்திவிடும். மேய்ப்பு நாயிலோ முதற் கண்ணிகள் தேர்ந்த இனப்பெருக்கத்தால் வலுவூட்டப்பட்டு, கொல்லும் கண்ணி மட்டும் அடக்கப்பட்டுள்ளது. பார்டர் கோலி உற்று நோக்கியும் பதுங்கியுமே ஆடுகளைத் திருப்புகிறது. இந்நடத்தை கற்பித்ததனால் வருவதன்று. கற்பித்தல் அதனை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவே.

அல்சேஷனின் பணி சற்று வேறானது. ஜெர்மானிய இடையர்கள் வேலியற்ற பயிர்நிலங்களுக்கு இடையிலுள்ள புல்வெளிகளில் மந்தையை மேய்த்தனர். புல்லுக்கும் பயிருக்கும் நடுவேயுள்ள எல்லையில் நாய் ஓயாமல் முன்னும் பின்னும் ஓடி, உயிருள்ள வேலியாக விளங்கும். எல்லை மீறும் ஆட்டை ஒருமுறை கவ்வித் திருப்பி, உடனே விட்டுவிடும். குதிரைப்படை அதிகாரியாயிருந்த மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் 1899-இல் ஒரு கண்காட்சியில் இத்தகைய நாயொன்றைக் கண்டு வாங்கி, ஹோராண்ட் எனப் பெயரிட்டார். அவ்வாண்டே அவர் நிறுவிய சங்கத்தின் வம்சாவளிப் பதிவேட்டில் முதலிடம் பெற்றது அந்நாயே. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பெயர் பிரிட்டனில் வெறுக்கப்பட்டமையால் ‘அல்சேஷன்’ என்ற பெயர் அங்கே வழங்கலாயிற்று. பெயர் மாறினாலும் இயல்பு மாறவில்லை. வாயிற்கதவின் உட்புறம் சுவரோரமாகத் தடம் பதியும்வரை முன்னும் பின்னும் ஓடும் நாயைக் காண்போர் அதைச் சினமென்று எண்ணுவர்; பயிரின் எல்லையில் ஓடிய அதே ஓட்டம்தான் அது.

ஆகவே, நாள்தோறும் உடலுக்கும் அறிவுக்கும் வேலை தர இயலாதவர் இவ்வினத்தைத் தவிர்ப்பது நன்று. அடிப்பதால் துரத்தும் உணர்வு மறையாது, அச்சமே சேரும். மோப்பத்தால் பொருளைத் தேடுதல், ஏவலுக்கு நிற்றல், பந்தை மீட்டுவருதல் போன்ற பயிற்சிகள் அவ்வுணர்வுக்கு வேறு வடிகால் அளிக்கும். முப்பது முதல் நாற்பது கிலோ எடையுள்ள வளர்ந்த ஆண் நாயிடம் இப்பாடத்தைத் தொடங்குவதிலும் குட்டியிடம் தொடங்குவது எளிது.

குட்டிப் பருவத்திலும் மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலம் தனிச் சிறப்புடையது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்காட், புல்லர் ஆகியோர் 1965-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினர். இக்காலத்தில் அச்சமின்றிப் பழகிய மனிதர், பொருள், ஒலி ஆகியவற்றை நாய் பின்னர் இயல்பாக ஏற்கும். லோஹேகாவில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. சுகோய்-30 போர் விமானங்கள் இங்கு இயங்குகின்றன. அமைதியான பண்ணையிற் பிறந்து, ஐந்தாறு மாதம் சென்றபின் இவ்வோசைக்குக் கீழே கொண்டுவரப்படும் நாய் கட்டிலுக்கடியிற் பதுங்கினால் வியப்பதற்கில்லை. தடுப்பூசி முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்குவது பார்வோ வைரஸ் கழிச்சலுக்கு இடமளிக்கும். எனினும், கையில் ஏந்தி வெளியுலகைக் காட்டுவதற்கு அது தடையன்று. தொலைவில் விமானம் எழும்போது தீனி கொடுத்துப் பழக்குவதும் பயன் தரும்.

உடல்நலத்தைப் பற்றியும் சில அறியத்தக்கன. அல்சேஷனில் இடுப்பு மூட்டுக் குறைபாடு மரபுவழி வருவது. வளர்ப்பு முறையும் அதை மிகுவிக்கும். பெரிய இன நாய்களைக் கொண்டு நார்வேயில் நடத்திய ஆய்வில், பிறந்து மூன்று மாதத்திற்குள் படிக்கட்டுகளைப் பயன்படுத்திய குட்டிகளில் அக்குறை மிகுந்தும், திறந்த வெளியில் தளையின்றி ஓடியவற்றிற் குறைந்தும் காணப்பட்டது. மாடிவீட்டார் குட்டியைத் தூக்கிச் செல்லுதல் நலம். கோலி வாங்குவோர்க்கு வேறோர் எச்சரிக்கை. மருந்துகள் மூளையுட் புகாமல் தடுக்கும் மரபணு அவ்வினத்தாரிற் பலவற்றிலும், அல்சேஷன்களிற் சிலவற்றிலும் பழுதுற்றிருக்கும். சொறிக்கும் உண்ணிக்கும் தாராளமாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின், அத்தகைய நாய்க்கு உயிருக்கே ஆபத்தாகலாம். கால்நடை மருத்துவரிடம் இனத்தைக் கூறாமல், மருந்துக் கடையில் தாமே வாங்கிக் கொடுத்தல் கூடாது. இரட்டை மயிர்ப்போர்வையுள்ள இந்நாய்களைக் கோடையில் வெயிலேறுமுன் நடத்திச் செல்ல வேண்டும்.

நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் பற்றி மத்திய அரசு 2017-இல் வகுத்த விதிகளின்படி, இனப்பெருக்குநர் மாநில விலங்கு நல வாரியத்திற் பதிவு செய்திருத்தல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. வாங்கச் செல்வோர் பதிவுச் சான்றையும், பெற்றோரின் இடுப்பு எக்ஸ்-கதிர்ப் படங்களையும் கேட்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமாகத் தாய் நாயைக் குட்டிகளுடன் இருக்கும்போதே காண வேண்டும். அயலாரைக் கண்டதும் அது நடுங்கி ஒதுங்குகிறதா, சீறுகிறதா, சற்றே நோக்கிவிட்டு அமைதி கொள்கிறதா என்பதைக் கவனித்தல் தகும். அச்சமுள்ள தாயின் குட்டிகளும் அச்சத்தையே கற்கும். தாயைக் காட்ட மறுத்து, குட்டியைச் சாலையோரத்திற் கைமாற்றித் தர முன்வருபவரிடம், விலை எவ்வளவு மலிவாயினும், வாங்காமல் திரும்புவதே தக்கது.