ரப்பர் புஷ் மாற்றும் முறை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளை இன்றும் காணலாம். அவற்றின் முன்புறப் பட்டை ஸ்பிரிங்குகளின் முனைகளில் ரப்பர் புஷ்கள் உள்ளன. பால்மரம் ஈந்த ரப்பரே அங்கு அதிர்ச்சியைத் தாங்குகிறது. அது தேய்ந்தால் முன்புறம் தடதடக்கும். வண்டி நேர்வழியில் நில்லாது அலையும்.

வீட்டிலேயே மாற்ற விரும்புவோர், வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். ஜாக்கினால் உயர்த்தியபின் சட்டத்தை உறுதியான இரும்புத் தாங்கிகளில் இருத்துக. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைதல் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அச்சுக்கும் முட்டுக் கொடுத்திடுக. இருபுறப் புஷ்களையும் ஒருசேர மாற்றுதல் நன்று.

சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்டுகளை இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். ஆகவே, சக்கரங்கள் தரையில் ஊன்றிய பின்னரே முற்றாக இறுக்குக. வளைவுகள் மலிந்த தாப்பா சாலையில் இறங்குமுன் இப்பொறுமை இன்றியமையாதது.