தொட்டியில் ஓர் அரசமரம்

பழைய கட்டடங்களில் வாழ்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். அரசம்பழத்தைத் தின்ற பறவை சுவரில் எச்சமிடுகிறது. வெடிப்பில் தங்கிய விதை ஒரு மழைக்காலத்திற்குள் முளைத்து, நான்கு இலைகளோடு நிற்கிறது. விட்டுவைத்தால் வேர் காரையைப் பிளந்துவிடும். பிடுங்கி எறியவோ மனம் வருவதில்லை. அரசமரம் அல்லவா!

கங்கைக் கரையில் நான் பணியாற்றிய ஆசிரமத்தின் பிரார்த்தனைக் கூடத்து மாடியில் இப்படி ஒரு கன்று முளைத்தது. அங்கிருந்த முதிய தோட்டக்காரர் அதை வேர் அறுபடாமல் எடுத்துவந்து, "எங்கே நடுவது, மகராஜ்?" என்று கேட்டார். வளாகத்தில் அரசமரத்திற்கு இடமில்லை. அந்த வாரம்தான் போன்சாய் பற்றிய நூல் ஒன்றைப் படித்து முடித்திருந்தேன். "தொட்டியிலேயே வளர்ப்போம்" என்றேன். ஒரே ஒரு நூலைப் படித்தவனுக்கு வரும் துணிவு அது.

போன்சாய் என்பது ஒரு மரவகையின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். தட்டில் நடப்பட்டது என்பதே அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். கலை பிறந்த இடம் சீனா. கி.பி. 706-இல் அமைக்கப்பட்ட தாங் வம்சத்து இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் வைத்த தட்டை ஏந்திவரும் பணியாளரைக் காணலாம். பின்னர் அது ஜப்பானுக்குச் சென்று செழித்தது. இந்த மரம் குள்ளமாகப் பிறப்பதில்லை. விதை அதே விதைதான். மண்ணில் நட்டால் வானளாவ வளரும். நுனியைக் கிள்ளுதல், வேரைக் கத்தரித்தல், குறைந்த மண்ணில் வைத்தல் ஆகியவற்றாலேயே அதன் உருவம் சிறிதாக நிற்கிறது.

முதல் மாதத்திலேயே கன்றை ஏறக்குறையக் கொன்றுவிட்டேன். என் அறையில் மேசைமீது வைத்தேன். மூன்று வேளையும் நீர் ஊற்றினேன். இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியதும், பசியோ என்று எண்ணி உரமும் இட்டேன். ஒருநாள் தோட்டக்காரர் உள்ளே வந்து மண்ணில் விரலை நுழைத்தார். விரல் சேறாக வெளியே வந்தது. "மகராஜ், இந்தத் தண்ணீர் செடிக்காக ஊற்றியதா, உங்களுக்காக ஊற்றியதா?" என்றார்.

நான் தத்துவம் பயின்றவன். எனினும் இவ்வளவு கூர்மையான கேள்வியை வகுப்பறையில் கேட்டதில்லை. என் கவலை தீருவதற்காக ஊற்றிய நீர் வேரை அழுகச் செய்துகொண்டிருந்தது. அவர் செடியை வெயில்படும் இடத்திற்கு மாற்றினார். சேற்றை நீக்கி, செங்கல் துண்டும் மணலும் மிகுதியாகக் கலந்த மண்ணை இட்டார். மேல்மண் உலரத் தொடங்கும்போது அடித்துளை வழியே வழியும்வரை நீர் ஊற்ற வேண்டும், அதுவரை தொடக்கூடாது. கோடையில் ஒருநாளில் இருமுறையும், மழைநாட்களில் ஒருமுறைகூட இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் ஒருநாளும் விடலாகாது.

பயிற்சி உறுதிப்படுவதற்குப் பதஞ்சலி முனிவர் மூன்றைக் கூறுகிறார்: நெடுங்காலம் செய்தல், இடைவிடாமல் செய்தல், மதிப்போடு செய்தல். மிகுதியாகச் செய்தல் என்று அவர் கூறவில்லை. புதிதாக ஜபம் தொடங்கும் அன்பர்கள் சிலர் முதல் வாரத்தில் பல மணி நேரம் அமர்ந்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் மாலையைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு அந்தச் சேறு படிந்த விரல் நினைவுக்கு வருகிறது.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் கிளைகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றினேன். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பியைச் சாய்வாகச் சுற்றி, மெல்ல வளைக்க வேண்டும். சில வாரங்களில் கிளை அந்த வளைவை ஏற்றுக்கொள்ளும். உடனே கம்பியை எடுத்துவிட வேண்டும். வளைவு அழகாக அமைந்ததில் மகிழ்ந்து, அச்சுக்குத் தரவேண்டிய மொழிபெயர்ப்பு ஒன்றில் மூழ்கிவிட்டேன். மழையில் அரசு எவ்வளவு விரைந்து பருக்கும் என்பதை எண்ணவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. துண்டு துண்டாக நறுக்கி எடுக்கும்போது ஒவ்வொரு வெட்டிலும் பால் வடிந்தது. அந்தத் திருகுத் தழும்பு இன்றும் அதன் கிளையில் இருக்கிறது.

மனத்தை அடக்க முடியவில்லை என்று முறையிடும் அர்ஜுனனுக்கு, கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் பயிற்சியையும் பற்றின்மையையும் சேர்த்தே உபதேசிக்கிறார். பற்றின்மை என்றால் உலகப் பொருள்களின் மீதுள்ள பற்றை விடுதல் என்றே கொள்கிறோம். உரையாசிரியர்கள் கூறுவதும் அதுவே. ஆயினும் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், கம்பியைச் சுற்றுவது பயிற்சி என்றால், உரிய காலத்தில் அதைக் கழற்றுவதும் ஒரு பற்றின்மைதான் என்று எனக்குத் தோன்றும். நியமத்தின் பயனைப் பெற்ற பின்னும் நியமத்தின் பெருமையை விடமுடியாத சாதகர்கள் உண்டு.

இதை என்னைப் பற்றி மட்டும் எண்ணியிருந்தால் போதும். ஆனால் அப்போது மாணவர் விடுதியும் என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு மாணவன், பன்னிரண்டு வயது. வந்தபோது கட்டுக்கடங்காதவன். கடுமையான காலஅட்டவணை ஒன்றை வகுத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் ஒழுங்குக்கு வந்துவிட்டான். நான் மகிழ்ந்தேன், அட்டவணையைத் தளர்த்தவில்லை. அவன் கேள்வி கேட்பதை நிறுத்தியதையும், விளையாட்டுத் திடலில் ஓரமாக நிற்பதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். ஆண்டு முடிவில் அவனுடைய தந்தை வந்து அழைத்துச் சென்றார். "பையன் வீட்டிலும் அனுமதி கேட்டுத்தான் சிரிக்கிறான், சுவாமி" என்று மட்டும் சொன்னார். கம்பியை நறுக்கி எடுத்தது அதற்கு அடுத்த மாதம்.

மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில், புதுத்தளிர் விடுவதற்கு முன், வேரைக் கத்தரித்தேன். அருகில் நின்ற இளம் பிரம்மசாரி ஒருவர், "இது ஹிம்சை இல்லையா, மகராஜ்?" என்றார். தொட்டியில் உள்ள வேரை வெட்டாமல் விட்டால் அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நெருக்குண்டு போகும். பழைய வேரைக் கத்தரித்தால் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் புதிதாகத் தோன்றும் என்று விளக்கினேன். கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் வேர் மேலாகவும் கிளை கீழாகவும் வருணிக்கப்படும் சம்சார அரசமரத்தையும், பற்றின்மை என்னும் ஆயுதத்தால் அதை வெட்டுமாறு கூறப்பட்டிருப்பதையும் நினைவூட்டினேன்.

அவர் விடவில்லை. "அங்கே சாதகன் தன் பற்றைத் தானே வெட்டுகிறான். இந்த மரம் உங்களிடம் கேட்டதா?"

உவமைகள் ஓரிடத்தில் நின்றுவிடும். என் உவமை அங்கே நின்றது. தன் மனத்தை வளைப்பவன் வலியையும் தானே ஏற்கிறான். பிறரை வளைப்பவனுக்கு வலி தெரிவதில்லை. ஆதலால் அவன் நாள்தோறும் கம்பியின் அடியில் பார்க்கக் கடமைப்பட்டவன். இதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலுள்ள தேசிய மரப்பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் பேணப்பட்டுவரும் மரம் அது. ஹிரோஷிமாவில் யமாகி என்பவரின் குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், ஒரு மதிலின் மறைவில் அது தப்பியது. 1976-இல் அமெரிக்கா தன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது ஜப்பான் பரிசளித்த 53 போன்சாய்களில் அதுவும் ஒன்று. மரம் குண்டுவீச்சைக் கண்டது என்பது, 2001-இல் யமாகியின் பேரர்கள் அங்கே வந்தபோதுதான் பூங்காவினருக்குத் தெரியவந்தது. எந்த நாடு குண்டு வீசியதோ அந்த நாட்டிற்கே, தலைமுறைகளின் உழைப்பை இப்படி ஒப்படைத்துவிட முடிந்திருக்கிறது.

ஐந்தாம் ஆண்டு எனக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. பெட்டி கட்டுவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று மரத்தருகே நெடுநேரம் நின்றேன். அதற்குள் இலைகள் பாதியளவாகச் சிறுத்து, அடிமரம் பருத்து, பார்ப்பவர்கள் வயது கேட்கும் அழகு வந்திருந்தது. தோட்டக்காரருக்குக் கண் மங்கிவிட்டதால் அந்தப் பிரம்மசாரியிடமே ஒப்படைத்தேன். நீர், மண், வெயில், புதிதாகச் சுற்றிய கம்பியைக் கழற்றவேண்டிய நாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர், தயங்கியபடி, "ஆற்றோரமாக நமக்குப் புதிதாக நிலம் கிடைத்திருக்கிறதே, அங்கே மண்ணில் நட்டுவிடலாமா, மகராஜ்?" என்றார்.

பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. "மழை தொடங்கியதும் நடுங்கள். சுவரிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும்" என்றேன்.