ஜன்னலுக்குப் பட்டைத் திரை: பார்வையை மறைப்போம், காற்றை மறைக்க வேண்டாம்



ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குக் காற்று நமது மலைகளில் மோதி மழையைக் கொட்டுகிறது. அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து, சூடேறிப் போகிறது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான அம்பாறைக் கரையோர ஊர்களில் இதைக் ‘கச்சான் காற்று’ என்று சொல்வார்கள். நமக்குக் குளிரைக் கொண்டுவரும் காற்று அவர்களுக்கு அனலாக வீசுகிறது.

ரோடும் ஒன்றுதான். ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களை ஒட்டி ஓடும் ஏ-4 வீதியிலேயே போய்க்கொண்டிருந்தால் வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று தாண்டிக் கல்முனைக்குப் போய்ச் சேரலாம்.

அங்கே வெயில், இங்கே பனி. ஆனால் ஜன்னல் விஷயத்தில் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே கஷ்டம். கல்முனைப் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டினாற்போல நெருக்கமாக இருக்கின்றன. ஒரு வீட்டு யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு முற்றம் தெரியும். வீட்டுப் பெண்களுக்கு மறைப்பு வேண்டும். யன்னலை அடைத்து வைத்தாலோ வேர்த்துக் கொட்டும். நமது லயத்தில் 10 அடிக்கு 12 அடி காம்பரா. வாசலில் ஆட்கள் போவார்கள், வருவார்கள். வயசுப் பிள்ளை உடுப்பு மாற்ற வேண்டும், படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சமும் வேண்டும். இதனால் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்தி, பழைய சாக்கையோ மட்டைப் பெட்டியையோ வைத்து ஆணி அடித்து விடுகிறோம்.

அடைத்த ஜன்னலால் வரும் கேடு

ஜன்னலை அடைத்தால் அடுப்புப் புகை உள்ளேயே நிற்கும். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயது ஆகாத பிள்ளைகள். காசநோய்க் கிருமியும் காற்று மாறாத அறையில்தான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சுலபமாகத் தொற்றும். சுவரில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூப்பதற்கும் அடைத்த ஜன்னல் ஒரு காரணம்.

ஆகவே நமக்கு வேண்டியது பார்வையை மறைத்து, காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடும் ஒரு மறைப்பு. பட்டைத் திரை அந்த வேலையைச் செய்யும். வெளியில் மழை பெய்யும்போது கண்ணாடியைச் சாத்தினாலும் வெளிச்சம் வரும். மழை விட்டதும் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரையை மட்டும் இறக்கி வைக்கலாம்.

பட்டைத் திரை என்றால் என்ன?

கடைகளில் ‘பிளைண்ட்ஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். குறுக்காகப் படுத்த மெல்லிய பட்டைகள், ஒன்றன் கீழ் ஒன்றாக நூலில் கோர்க்கப்பட்டிருக்கும். மேலே ஒரு சட்டம், அடியில் ஒரு சட்டம். பட்டையைச் சாய்க்க ஒரு திருப்பும் கோல், திரையை ஏற்றி இறக்க ஒரு கயிறு. இதற்கு ஆங்கிலத்தில் வெனிஸ் நகரத்தின் பெயர். பிரெஞ்சுக்காரர்களோ பட்டை வைத்த ஜன்னல் கதவைப் பாரசீகத்தின் பெயரால் அழைக்கிறார்கள். வெயில் நாட்டு யோசனை என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. லண்டனில் 1769ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள்.

கரையோர மக்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. கிடுகுத் தட்டியும் மூங்கில் தட்டியும் இதே வேலையைத்தான் செய்தன. மருதமுனைக் கைத்தறித் துணியும் பேர் போனது. ஆனால் துணி மறைத்தால் காற்றும் தடைப்படும். பட்டையைச் சாய்த்தால் காற்று இடையால் வரும்.

எந்தப் பட்டை நல்லது?

கல்முனையில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் பட்டையும், துருப்பிடிக்காத ஆணியும் அங்கே பொருத்தம். நமக்கு உப்பு இல்லை, ஆனால் பனியும் ஈரமும் உண்டு. சாயம் பூசாத மரப்பட்டை வளைந்து போகும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நமக்கும் அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான் நல்லது. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் எந்தத் திரையும் வேண்டாம். பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும். அந்த ஜன்னல் புகை போவதற்குத் திறந்தே இருக்கட்டும்.

தேவையான சாமான்கள்

அளவு டேப், பென்சில், திருப்புளி, ட்ரில் மெஷின் (அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கலாம்), சுவராக இருந்தால் ரோல் பிளக், மட்டம் பார்க்க உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய், உறுதியான ஒரு ஏணி.

வேலை தொடங்கும் முன் இரண்டு விஷயம். லயக் காம்பராவாக இருந்தால் துளை போடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜன்னலுக்கு மேலே கரண்டு வயர் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் அந்தப் பக்கம் துளை போட வேண்டாம்.

செய்யும் முறை

1. இடம் தெரிவு செய்தல். திரையை ஜன்னல் நிலைக்குள்ளும் மாட்டலாம், நிலைக்கு வெளியே சுவரிலும் மாட்டலாம். உள்ளே மாட்ட வேண்டுமானால் ஜன்னல் கம்பிக்கும் நிலையின் உள் ஓரத்துக்கும் இடையில் 2 அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். ஜன்னல் கதவு உட்பக்கமாகத் திறக்கிறது என்றால் நிலைக்குள் மாட்டக் கூடாது, கதவு திரையில் முட்டும்.

2. அளத்தல். நிலைக்குள் மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவை எடுங்கள். பழைய நிலைகள் கோணலாக இருக்கும், ஓர் இடத்தில் அளந்தால் போதாது. அந்தச் சிறிய அளவில் அரை அங்குலம் கழியுங்கள். உயரத்தையும் மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுங்கள். சுவரில் மாட்டுவதானால் ஜன்னலின் அகலத்தோடு இரண்டு பக்கமும் 2 அங்குலம் கூட்டுங்கள்.

அளவு கொடுத்துச் செய்விக்கிறீர்களா? “கழித்த அளவா, கழிக்காத அளவா?” என்று கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். நீங்களும் கழித்து அவரும் கழித்தால் ஓரத்தில் சந்து விழும். உயரம் கூடினால் வீட்டில் குறைக்கலாம். அலுமினியப் பட்டையின் அகலத்தை வீட்டில் ஒழுங்காக வெட்டுவது கஷ்டம். ஆகவே அகலத்தில் கவனம்.

3. மட்டம் பார்த்தல். நிலையை நம்பி மட்டம் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் ஜன்னலின் இரு பக்கமும் பிடியுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றதும் இரண்டு பக்கமும் அது நிற்கும் இடம் ஒரே மட்டம். அங்கிருந்து பிராக்கெட் வரும் இடத்தை அளந்து பென்சிலால் குறியுங்கள். மட்டம் தவறினால் திரை ஒரு பக்கம் சாய்ந்து, கயிறு சிக்கும்.

4. துளை போடுதல். மர நிலையில் என்றால் ஆணியை விட மெல்லிய துளை போட்டு, பிறகு ஆணியை முறுக்குங்கள். துளை இல்லாமல் முறுக்கினால் பழைய மரம் வெடிக்கும். சிமெந்துக் கல் சுவர் என்றால், 6 மில்லிமீட்டர் கல் துளைக்கும் அலகால் துளைத்து, அதே அளவு ரோல் பிளக்கை அடித்து, அதற்குள் ஆணியை முறுக்குங்கள்.

“எங்க லயத்துச் சுவர் தொட்டாலே உதிருதே, அதுல எப்படி ஆணி நிக்கும்?” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அப்படிப்பட்ட சுவரில் மாட்டவே வேண்டாம். மர நிலையில் மாட்டுங்கள். நிலையும் உக்கிப் போயிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டில் எக்காரணம் கொண்டும் துளை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெரிய கேடு.

5. மாட்டுதல். பிராக்கெட்டுகளை இறுக்கியதும் அவற்றின் முன்மூடியைத் திறந்து, மேல் சட்டத்தை உள்ளே தள்ளி, மூடியை அழுத்துங்கள். ‘டிக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். பிறகு திருப்பும் கோலைக் கொளுவுங்கள்.

6. நீளம் குறைத்தல். திரை நீளமாக இருந்தால் கத்தரிக்கோலை உடனே எடுக்க வேண்டாம். அடிச் சட்டத்தின் கீழ் இருக்கும் சிறு மூடிகளைக் கழற்றினால் கயிற்று முடிச்சு தெரியும். முடிச்சை அவிழ்த்து, சட்டத்தை உருவி, வேண்டாத பட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். சட்டத்தை மறுபடி கோர்த்து முடிச்சுப் போட்டு, ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே மிச்ச நூலை வெட்டுங்கள். எடுத்த பட்டைகளை வைத்திருங்கள். பட்டை உடைந்தால் உதவும்.

பட்டையை எந்தப் பக்கம் சாய்ப்பது?

கல்முனை சமதரை. பார்க்கிற ஆள் நமக்கு நேர் எதிரே நிற்பார். நமது லயங்களோ படிப்படியாக மேலும் கீழுமாக இருக்கின்றன. ஆகவே இந்தப் பாடத்தில் நமக்கென்று ஒரு விதி உண்டு.

பாதை ஜன்னலை விட மேட்டில் இருந்தால், பட்டையின் வெளி ஓரம் கீழேயும் உள் ஓரம் மேலேயும் இருக்கட்டும். மேலிருந்து பார்க்கிறவருக்குப் பட்டையின் முதுகுதான் தெரியும். நேர் வெயிலும் உள்ளே விழாது. பாதை பள்ளத்தில் இருந்தால் மாற்றிச் சாய்க்க வேண்டும்: வெளி ஓரம் மேலே, உள் ஓரம் கீழே. நீங்களே வெளியே போய்ப் பாதையில் நின்று, வீட்டில் இருப்பவரிடம் கோலைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

ராத்திரியில் லைட் போட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். அப்போது பட்டைகளை முழுக்க மூடுங்கள்.

கயிறு: உயிர் சம்பந்தமான விஷயம்

இதைப் பெரியவர்கள் எல்லோரும் கட்டாயம் வாசியுங்கள். திரையை ஏற்றி இறக்கும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தால், சின்னப் பிள்ளைகள் அதைக் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். கழுத்து இறுகினால் பிள்ளையால் கத்த முடியாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும், பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அமெரிக்காவில் ஜன்னல் திரைக் கயிற்றில் மாட்டி வருடத்துக்குச் சராசரியாக ஒன்பது குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டுப் பாவனையாளர் பாதுகாப்பு ஆணைக்குழு கூறியது. அதன் பிறகு 2018 டிசம்பரில் அங்கே கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளுக்குத் தொங்கும் கயிறு கூடாது என்ற தரவிதி வந்தது.

நாம் செய்ய வேண்டியவை:

• வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், கிடைக்குமானால், கயிறு இல்லாமல் கையால் தூக்கும் வகையை வாங்குங்கள்.

• கயிறு உள்ளதாக இருந்தால், தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாத உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, ஒவ்வொரு தடவையும் கயிற்றை எட்டு வடிவில் சுற்றி வையுங்கள்.

• கயிற்றின் நுனிகளை ஒன்றாக முடிந்து வளையம் ஆக்காதீர்கள்.

• தொட்டில், கட்டில், வாங்கு, கதிரை எதையும் திரை மாட்டிய ஜன்னலுக்குக் கீழே போடாதீர்கள். பிள்ளை ஏறி நின்றால் 5 அடி எட்டிவிடும்.

• மூங்கில் தட்டியைச் சுருட்டும் கயிறுக்கும், சேலைத் தொட்டில் கயிறுக்கும் இதே கவனம் வேண்டும்.

காசு இல்லாதவர்களுக்கு

கடைத் திரை வாங்க முடியாதவர்கள் மூங்கிலைச் சீவி, விரல் அகலப் பட்டைகளாக்கி, நன்றாகக் காயவைத்து, தடித்த நூலால் வரிசையாகப் பின்னித் தட்டி செய்யலாம். பட்டைக்குப் பட்டை ஒரு நெல் அளவு சந்து விட்டால் காற்று வரும். மேலே இரண்டு கொக்கியில் மாட்டி, காலையில் சுருட்டிக் கட்டிவிடலாம். சீவிய மூங்கில் கையைக் கிழிக்கும், ஓரங்களைத் தேய்த்து மழுக்குங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒரு தடவை ஈரத் துணியால் பட்டைகளைத் துடையுங்கள். புகைக்கரி படிந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிராக்கெட் ஆணிகளை இறுக்கிப் பாருங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. ஒரு ஜன்னல் நிலையின் அகலம் மேலே 35½ அங்குலம், நடுவே 35 அங்குலம், கீழே 35¼ அங்குலம். நிலைக்குள் மாட்ட எத்தனை அங்குலத் திரை வேண்டும்? (விடை: 34½ அங்குலம்)

2. உங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பாதை மேட்டிலா, பள்ளத்திலா? அப்படியானால் பட்டையின் எந்த ஓரம் மேலே இருக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும் கயிறுகள் எத்தனை? எண்ணுங்கள். இன்றைக்கே அவற்றை மேலே சுற்றிக் கட்டுங்கள். திரை மாட்டுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.