சபுர் என்றால் சும்மா இருப்பதா?

நிந்தவூரில் மையத்து வீட்டுக்குப் போகிறவர்கள் “சபுர் செய்யுங்க” என்று ஆறுதல் கூறுவார்கள். காணியையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களும் இச்சொல்லை அடிக்கடி கேட்கின்றன. எனவே இதன் பொருளை நாம் சரியாக விளங்கிக்கொள்வது அவசியம்.

சபுர் அரபுச் சொல். தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என்பது அதன் மூலப்பொருள். ஒருவர் தமது நாவையும் கையையும் கோபத்தையும் தாமே கட்டுப்படுத்துவதே சபுர். தமிழில் இதைப் பொறுமை என்கிறோம். ‘பொறு’ என்றால் தாங்கு என்று பொருள். பொறுப்பு என்ற சொல்லும் இதே அடியிலிருந்தே பிறந்தது. ஆகவே, இரு சொற்களிலும் சும்மா இருத்தல் என்ற கருத்து இல்லை.

வயல் வரம்பைப் பாருங்கள். அது தண்ணீரை மறிப்பது பயிருக்காகவே. வக்கடை வெட்டாத வரம்பு பெருமழையில் உடைந்துவிடும்.

சட்டமும் நமது மௌனத்தைக் கணக்கெடுக்கிறது. நமது தனியார் காணியை வேறொருவர் அனுமதியின்றி, தமக்கே உரியதாகப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்தால், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவர் நீதிமன்றில் உரிமை கோரலாம். அரச காணிக்கு இவ்விதி பொருந்தாது. யுத்த காலத்தில் ஆயுதக் குழுவின் செயல்களால் வழக்காட முடியாதிருந்தோருக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வழக்கிட அது இடமளித்தது. ஆனால் அச்சட்டம் வந்தபோது அதற்குக் குறிக்கப்பட்ட தவணை இரண்டே ஆண்டுகள். தவணை தெரியாமல் காத்திருப்பது சபுர் ஆகாது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. உறுதி தொலைந்திருந்தால், பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்போம். அரச காணி உத்தரவுப் பத்திரம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிப்போம்.

2. மனுவைத் திகதியிட்டு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துவோம்.

3. பதில் வராவிட்டால், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிப்போம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

கந்தோரில் கோபத்தை அடக்குவோம். கேள்வியை அடக்க வேண்டியதில்லை.

கலந்துரையாட:

அ. நமது காணி விடயத்தில் கடைசியாக எப்போது எழுத்தில் கேட்டோம்?

ஆ. எழுத வாசிக்கச் சிரமப்படும் அயலவருக்கு யார் மனு எழுதிக் கொடுப்பது?