சுவருக்கு அப்பால்

பிக்குனிகளுக்கு விநய பிடகம் வகுத்த விதிகளுள் ஒன்று, மலத்தையோ குப்பையையோ எஞ்சிய உணவையோ சுவருக்கு அப்பால் எறிதலாகாது என்பது. விதி பிறந்த காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு பிக்குனி சுவருக்கு மேலாக எறிந்தது, அவ்வழியே சென்ற அந்தணன் ஒருவன் தலையில் வீழ்ந்தது. பசும்புல்லிலும் நீரிலும் உமிழ்தலாகாது என்று பிக்குகளுக்கும் விதி உண்டு. இவற்றை அற்ப விதிகள் என்று தள்ளுவோர் உளர், நாம் தள்ளோம். சுவருக்கு அப்பால் எறிபவர் மனத்தில் இருப்பது யாது? அப்புறம் நமதன்று, அங்கு வீழ்ந்ததை எடுப்பதற்கென்று ஒருவன் இருக்கிறான் என்னும் எண்ணமே.

அவ்வொருவன் யார் என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெங்களூரில் வீதி பெருக்கும் துப்புரவுத் தொழிலாளருள் பெரும்பாலோர், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட குடிகளிற் பிறந்த பெண்கள். ஆகவே, இளைஞர் கூடித் தெருக் குப்பையை ஒழிக்க வேண்டும் என்று எவரேனும் பேசினால், 'பாட்டன் கையிலிருந்த துடைப்பத்தைப் பேரன் கையிலும் கொடுப்பதோ?' என்று நம் முதியோர் வினவக்கூடும். வினா நியாயமானது. சுநீத தேரர் வாடிய மலர்களைக் கூட்டி அள்ளிப் பிழைத்தவர். பகவன் அவரைக் கண்டபோது சங்கத்திற் சேர்த்துக்கொண்டாரேயன்றி, கூட்டுதலின் பெருமையை அவருக்கு உபதேசித்தாரில்லை.

ஆயினும், வீழ்ந்ததை அள்ளுதல் ஒரு வேலை, வீழாதபடி செய்தல் மற்றொரு வேலை. இரண்டாவதற்கு அறிவும் கைத்திறனும் வேண்டும். இளைஞருக்கு உரியது அதுவே என்பது நம் துணிபு.

பெங்களூரில் 2010ஆம் ஆண்டு 'தி அக்லி இந்தியன்' என்ற பெயருடன் ஒரு கூட்டத்தார் தோன்றினர். தம் பெயரை அவர்கள் வெளியிடுவதில்லை. 2014இல் அவர்களுள் ஒருவர் மேடையேறிப் பேசியபோதும் முகமூடி அணிந்தே பேசினார். வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய் என்பது அவர்கள் கொள்கை. சர்ச் தெருப் பக்கத்தில் தொடங்கினர். மக்கள் எங்கே எறிகின்றனர், ஏன் அவ்விடத்திலேயே எறிகின்றனர் என்று முதலிற் பார்த்தனர். இருண்ட மூலை, பெயர்ந்த நடைபாதைக் கல், முன்னரே கறை படிந்த சுவர் இவையே எறிபவரை அழைத்தன. குப்பை கிடக்கும் இடத்திலேதான் மேலும் குப்பை விழும். எனவே இடத்தைத் துப்புரவாக்கிக் கல்லைச் சீர்செய்தனர். வெற்றிலை எச்சில் உமிழப்படும் சுவரடிக்குச் செம்மண் நிறம் பூசினர். மூலையிற் பூந்தொட்டி வைத்தனர். பின்னர்த் தொண்டர்கள் கூடி மேம்பாலத் தூண்களில் முக்கோணக் கோலங்களை வண்ணத்தில் தீட்டினர். அபராதம் என்று மிரட்டும் பலகை இல்லை, சொற்பொழிவும் இல்லை. உபதேசித்தே பழகிய நம் போன்றோருக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்! ஒரு பூந்தொட்டி செய்வதை நம் ஒருமணிப் பேச்சுச் செய்வதில்லை.

பஞ்சாலையில் நாம் கண்டதையும் இங்கே கூறுவாம். அங்கே விழும் கழிவைக் குப்பையென்று எவரும் எறிவதில்லை. நூற்கழிவு ஒரு சாக்கில், பஞ்சுக்கழிவு ஒரு சாக்கில், தரையிற் கூட்டியது வேறொரு சாக்கில் நிறுத்து வைக்கப்படும், யாவும் விலைபோகும். எண்ணெய்த் துணியொன்று கலந்துவிட்டாலோ மேஸ்திரி கூச்சலிடுவார். வீட்டுக் கழிவை ஈரமானது, உலர்ந்தது, தீங்கு தருவது எனப் பிரித்தே தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு அரசு விதிகள் கூறியதும் ஆலைத் தொழிலாளிக்குப் புதிய கல்வியன்று. பிரித்துக் கொடுத்தால், எடுப்பவள் பிறர் எச்சிலுக்குள் கைவிட வேண்டியதில்லை.

பம்பாயில், இக்கால மும்பையில், வெர்சோவாக் கடற்கரையை 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்னும் இளம் வழக்கறிஞர் துப்புரவாக்கத் தொடங்கியபோது, உடன் வந்தவர் எண்பது கடந்த அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவரே. பின்னர் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். மறு ஆண்டே ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2018 மார்ச்சில் அம்மணலில் ஆமைக்குஞ்சுகள் காணப்பட்டன. இச்செய்தியை யாவரும் மகிழ்ந்து பேசுவர். 2017 நவம்பரில் அப்பணி சிலகாலம் நின்றுபோனதைப் பேசுவோர் சிலரே. குவித்த குப்பை காலத்தில் அகற்றப்படவில்லை. தொண்டர்களைச் சிலர் இழிவாகப் பேசினர். எடுத்துச் செல்ல வண்டியில்லாவிடின் குப்பை இடம் மாறுமேயன்றி ஒழியாது. நகராட்சியின் கடமையை நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றுதல் கூடாது. அதைக் கேட்டு வாங்குவதும் தொண்டின் பாகமே.

நம் இளைஞர் தொடங்க விரும்பினால், தெருவுக்கு ஒரே மூலையைத் தேர்க. அத்தெருவைப் பெருக்கும் அம்மையாரிடம் முதலிற் கேட்க. எங்கே, எந்நேரத்தில், எவர் எறிகின்றனர் என்பது அவருக்கே தெரியும். வண்டி வரும் நாளைக் குறித்துக்கொண்டு வேலை தொடங்குக. கையுறையின்றி எதையும் தொடற்க. வண்ணம் பூசிய பின் சில வாரங்கள் முறைவைத்துக் காலையும் மாலையும் அவ்விடத்தைப் பார்த்து, விழுந்த முதற் பொட்டலத்தை அன்றே அகற்றுக. வேலை செய்வோரில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும்; நம்மவர் மட்டும் நிற்கும் இடத்தில் தொண்டு பழைய ஊழியமாகிவிடும். சாக்கடைக் குழிக்குள் எவரும், எக்காரணத்தாலும், இறங்கலாகாது. பாதுகாப்பின்றி ஒருவரை அங்கு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் வந்த பின்னும் அக்குழிகளில் மாண்டோர் பலர்.