கையெழுத்துப் போடுமுன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய கோ-பைலட் வேலை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டேன். உன் அம்மா போனில் பூரித்துப்போய்ச் சொன்ன சம்பளத் தொகை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அது எப்படிச் சேருகிறது என்பது ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

மாதம் 70 மணி நேரம் பறந்தால்தான் அந்தத் தொகை. கம்பெனி உத்தரவாதம் தருவது 40 மணி நேரத்துக்கு மட்டும். நீ காய்ச்சலில் படுத்தாலும், விமானம் பழுதாகி நின்றாலும், கூட்டம் குறைந்து ரோஸ்டர் இளைத்தாலும் கைக்கு வருவது 40 மணி நேரச் சம்பளம்தான். உன் படிப்புக்காகத் திருச்சி வீட்டை அடமானம் வைத்து அப்பா வாங்கிய கடனின் தவணையை அந்தச் சம்பளத்திலேயே கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார். முடிந்தால்தான் இந்த வேலை நமக்குக் கட்டுப்படியாகும்.

சின்னக் கம்பெனிகள்தான் இப்படிச் செய்யும் என்று நினைக்காதே. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு இணைக்கும் வேலை நடந்தபோது, 2024 தொடக்கத்தில் விமானிகளிடம் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அதுவரை 70 மணி நேரத்துக்கு இருந்த உத்தரவாதம் அதில் 40 ஆகக் குறைந்தது. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பலர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. விமானங்கள் ரத்தாகி, கடைசியில் நாளுக்கு 25, 30 சேவைகளைக் கம்பெனியே குறைத்துக்கொண்டது. எல்லாரும் அதைச் சம்பளப் பிரச்சினை என்றார்கள். என்னைக் கேட்டால் அது ஓய்வுப் பிரச்சினையும்கூட.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், பணம் போதாதபோது விற்பது தன் தூக்கத்தைத்தான். ராத்திரி பத்து மணிக்கு ஷெட்யூலிங்கிலிருந்து போன் வரும்: ஆள் இல்லை, காலையில் ஒரு ஃப்ளைட் போய் வந்துவிட முடியுமா என்று. தவணைத் தேதி மனசில் ஓடும். சரி என்று வாய் சொல்லிவிடும். மூன்று மணிக்குக் கேப் ஹெப்பால் மேம்பாலத்தில் ஏறும்போது கண் எரியும். தேவனஹள்ளி விமான நிலையத்தில் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிவிட்டுப் போவாய்; மது இல்லை என்று அது சொல்லும், தூங்கவில்லை என்று சொல்லாது. விடியற்காலை இறங்கத் தொடங்கும்போது செக்லிஸ்டில் ஒரு வரியைப் படித்தோமா, விட்டோமா என்று ஒரு கணம் குழப்பம் வரும். அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2010 மே 22. நம் கர்நாடகத்திலேயே, மங்களூரில். துபாயிலிருந்து ராத்திரியில் புறப்பட்டு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணி வாக்கில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கியிருந்தார் என்பதை விமானி அறையின் ஒலிப்பதிவிலிருந்து விசாரணைக் குழு கண்டுபிடித்தது. தூக்கக் கலக்கம் தெளியாத நிலையில், இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்திலிருந்து, அதிக வேகத்தில் இறக்கியிருக்கிறார். இறங்க வேண்டாம், மேலே ஏறிவிடலாம் என்று கோ-பைலட் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

நீ உட்காரப்போவது அந்தக் கோ-பைலட்டின் வலப்பக்க இருக்கையில், யாழினி. உன் ஒப்பந்தமோ வருஷத்துக்கு வருஷம் கம்பெனியின் விருப்பப்படி புதுப்பிப்பது. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்ற பயத்தோடு இருக்கிற பெண்ணுக்கு, கேப்டனை மீறிக் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் தைரியம் எப்படி வரும்? அதனால் குறைந்தது மூன்று வருஷ ஒப்பந்தம் கேள். புதுப்பிக்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் கேள். சம்பளத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதே.

ஓய்வுக்குத்தான் விதி இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது; விமானிகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடி வாங்கியது. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 ஆனது. ராத்திரியில் விமானத்தை இறக்கும் தடவைகள் இரண்டாகக் குறைந்தன. 2025 நவம்பரில் அது முழுசாக அமலுக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோவில் விமானிகள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. உடனே விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அந்தக் கம்பெனிக்கு மட்டும் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. பயணிகள் பட்ட பாட்டை நானும் பார்த்தேன். ஆனாலும், ஆள் எடுக்க வேண்டிய கம்பெனிக்காக விமானியின் தூக்கத்தைத் தளர்த்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே, களைப்பு என்று சொல்லி நீ விமானம் எடுக்காத நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று உன் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும்.

சம்பளம் தாமதமானால் பொறுத்துக்கொண்டே போகாதே. கிங்ஃபிஷர் இதே ஊர்க் கம்பெனி, 2005-ல் பறக்கத் தொடங்கியது. 2012 அக்டோபரில் லைசென்ஸ் நிறுத்தப்பட்டபோது மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. ஊழியர்களிடம் பிடித்த வருமான வரியையும் அரசுக்குக் கட்டவில்லை என்று புகார் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உன் கணக்கைத் திறந்து, பிடித்த வரி உன் பேரில் ஏறியிருக்கிறதா என்று பார்.

நோட்டீஸ் விஷயம். டிஜிசிஏ 2017-ல் வகுத்த விதிப்படி கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் நோட்டீஸ் தர வேண்டும். உன் ஒப்பந்தத்தில் கம்பெனி உன்னை அனுப்ப 30 நாள் போதும் என்று இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கேள். டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் பயிற்சிக்கான பாண்டுக்காகத் தேதி போடாத காசோலை கேட்டால் கொடுக்காதே. கம்பெனியே உன்னை நிறுத்தினால் பாண்டு செல்லாது என்று எழுதி வாங்கு. உடல்நலம் கெட்டு லைசென்ஸ் போனால் கைகொடுக்கும் லாஸ் ஆஃப் லைசென்ஸ் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பது எங்கேயும் இல்லை, அதையும் கேள். கிளாஸ் ஒன் மருத்துவத் தகுதிச் சோதனை ஒரு வருஷம் தவறினாலும் சம்பளம் நின்றுவிடும்.

தங்குவதற்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சித்தி வீடு இருக்கிறதே என்று உன் அம்மா சொல்கிறாள். அது வேண்டாம், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அர்த்த ராத்திரியில் புறப்பட வேண்டியிருக்கும். யெலஹங்கா பக்கம் அறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் பேசாமல் எச்.ஆருக்கு மின்னஞ்சலாக அனுப்பு. பதில் எழுத்தில் வந்ததும் எனக்கு அனுப்பி வை, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
மாமா